எலுமிச்சை அளவு புளியும் பிரெஞ்சு ஒயினும்

ஒயின் பற்றி எழுதுகிறவர்கள் 'இந்திய உணவு' என்ற இடத்துக்கு வந்ததும் பெரும்பாலும் ஒரே பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்: பிரான்சின் அல்சாஸ் பகுதியில் விளையும் கெவுர்ட்ஸ்ட்ராமினர். ரோஜாவும் லிச்சியும் மணக்கும், கொஞ்சம் இனிப்பும் தட்டும் வெள்ளை ஒயின் அது. லண்டனிலும் பாரிஸிலும் இருக்கிற இந்திய உணவகங்களின் மேசைக்கு அது பொருந்தவும் செய்கிறது. அங்கே குழம்பு என்று வருவதில் பாலேடும் தக்காளியும் முந்திரி விழுதும்தான் மிகுதி. அதே பாட்டிலைத் தருமபுரி மாவட்டத்து அரூருக்குக் கொண்டுவந்து கேழ்வரகுக் களிக்கும் கருவாட்டுக் குழம்புக்கும் பக்கத்தில் வைத்தால் கதை மாறிவிடும். மணம் மட்டும் மூக்கில் நிற்கும். வாய்க்குள் போனது சர்க்கரை கரைத்த தண்ணீராய் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஒயினில் கோளாறு இல்லை, குழம்பிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே புளி நிற்கிறது.

தருமபுரி மாவட்டத்தில் புளி சாதாரணச் சரக்கன்று. மாசி, பங்குனி வந்தால் அரூர் வட்டாரத்துச் சாலையோர மரங்களும் பட்டா நிலத்து மரங்களும் உலுக்கப்படும். சித்தேரி மலையிலிருந்தும் மூட்டைகள் இறங்கும். ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை நீக்கி, வெயிலில் காயவைத்து, உப்புத் தூவிப் பானையில் அடைத்துவைக்கும் வேலை அந்த மாதங்களில் வீட்டு வாசல்தோறும் நடக்கும். அந்தப் பானைக்குள் இருப்பதும் பிரான்சின் போர்தோ ஒயின் நிலவறைப் பீப்பாய்க்குள் இருப்பதும் வேதியியல் கணக்கில் நெருங்கிய உறவு.

பழங்களின் புளிப்புக்குப் பொதுவாக சிட்ரிக் அமிலமோ மாலிக் அமிலமோதான் காரணம். எலுமிச்சையில் முன்னது, ஆப்பிளில் பின்னது. டார்ட்டாரிக் அமிலம் மேலோங்கிய பழங்கள் மிகச் சில. நம் கையில் அன்றாடம் புழங்குகிறவற்றில் இரண்டைச் சொல்லலாம்: திராட்சை, புளி. ஒயின் பீப்பாயின் உட்சுவரில் படிகிற உப்பிலிருந்து இந்த அமிலத்தை 1769இல் பிரித்தெடுத்தவர் ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே. நல்ல வெள்ளை ஒயின் பாட்டிலின் அடியில் சில சமயம் கண்ணாடித் தூள்போல ஏதோ மின்னும். கலப்படமோ என்று பயப்பட வேண்டாம், அது இந்த அமிலத்தின் பொட்டாசிய உப்புதான். இன்னொரு விசேஷமும் உண்டு. மற்றப் பழங்கள் பழுக்கப் பழுக்கப் புளிப்பை விட்டுக்கொடுக்கும்; புளி பழுத்தாலும் அமிலத்தை விடாது, மேலே இனிப்பையும் ஏற்றிக்கொள்ளும்.

சமையற்குறிப்புகளில் 'எலுமிச்சை அளவு புளி' என்று சொல்வோமே, அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த உருண்டை சுமார் 30 கிராம் என்று வையுங்கள். புளியின் சதையில் டார்ட்டாரிக் அமிலம் 8 முதல் 18 விழுக்காடு வரை இருக்கும் என்பது உணவியல் நூல்களில் காணும் அளவு. 10 என்று குறைத்து வைத்தாலே 3 கிராம் வருகிறது. அதை அரை லிட்டர் குழம்பில் கரைத்தால் லிட்டருக்கு 6 கிராம். கரைசலில் எல்லாமும் இறங்கிவிடாது, சக்கையோடு கொஞ்சம் போகும் என்று கழித்துக்கொண்டாலும், ஒயினின் அமில அளவு லிட்டருக்கு 5 முதல் 8 கிராம்வரைதான். ஆக, அரூர் வீட்டுப் புளிக்குழம்பும் ஒரு பிரெஞ்சு ஒயினும் அமிலத்தில் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கின்றன. அமிலம் எந்த அமிலம் என்பதிலும் ஒன்றுதான்.

உணவோடு ஒயினைச் சேர்க்கும் கலையில் பெரிதும் விலக்கில்லாத விதி ஒன்று உண்டு: ஒயினின் புளிப்பு உணவின் புளிப்புக்குக் குறையக் கூடாது. குறைந்தால் நாக்கு ஒயினைச் சப்பென்று உணரும். கெவுர்ட்ஸ்ட்ராமினர் இயல்பிலேயே அமிலம் குறைந்த திராட்சை. தோற்றதற்குக் காரணம் அதுதான். வெண்ணெய் மணத்துக்குப் பேர்போன மெர்சோ போன்ற பர்கண்டி வெள்ளைகளும் புளிக்குழம்பிடம் இதே பாடுதான் படும், அவை எத்தனை விலை விற்றாலும். ஆகவே அரூரில் பிரெஞ்சு ஒயினைத் தேர்வு செய்ய உட்காருகிறவர் முதலில் விசாரிக்க வேண்டியது இன்றைக்கு என்ன குழம்பு, எவ்வளவு புளி என்பதை. அறுவடை ஆண்டு, சாட்டோ எனப்படும் திராட்சைத் தோட்டத்தின் பெயர் எல்லாம் அதற்குப் பிறகு.

மிளகாய் இரண்டாவது சிக்கல். அமெரிக்கக் கண்டத்துச் செடியான அது போர்த்துகீசியர் கப்பல்கள் வழியாக வந்து நானூறு, ஐந்நூறு ஆண்டுகளில் நம் சமையலையே கைப்பற்றிவிட்டது. அதன் காரம் சுவையே இல்லை, சூட்டுணர்ச்சி. வாயில் சூட்டை உணரும் நரம்பு ஏற்பி ஒன்று இருக்கிறது. சுமார் 42 டிகிரி செல்சியஸ் தாண்டினால்தான் 'சுடுகிறது' என்று மூளைக்குச் சொல்லும். மிளகாயின் காப்சைசின் அந்த ஏற்பியை ஏமாற்றிக் கிளப்பிவிடுகிறது. ஆல்கஹாலும் இதே ஏற்பியில் கை வைக்கிறது என்று 2002இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது: எத்தனால் இருக்கும்போது அந்த 42 டிகிரி சுமார் 34க்கு இறங்கிவிடுகிறதாம். நம் உடம்பின் சூடே 37. பிறகு கேட்பானேன்? காரமான குழம்புக்குப் பிராந்தி குடிக்கிறவருக்கு வாய் எரிவதில் வியப்பில்லை. ஒயினுக்கும் இதே நியாயம்தான். பாட்டிலின் லேபிளில் ஆல்கஹால் விழுக்காடு அச்சிட்டிருக்கும். காரச் சாப்பாட்டுக்கு 12.5க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. தெற்கு ரோன் பள்ளத்தாக்கின் புகழ்பெற்ற ஷாட்டோநெஃப்-டு-பாப் 14, 15 விழுக்காடு வரை போகும். அது நல்ல ஒயின்தான், ஆனால் நம் கோழிக் குழம்போடு வேண்டாம்.

மூன்றாவது துவர்ப்பு. சிவப்பு ஒயினின் முதுகெலும்பே டானின் எனப்படும் இந்தத் துவர்ப்புப் பொருள்தான். திராட்சைத் தோலிலிருந்தும் கொட்டையிலிருந்தும் வருவது. எச்சிலிலுள்ள புரதங்களோடு ஒட்டிக்கொண்டு வாயை வறளச் செய்யும். ஐரோப்பிய நூல்கள் இதைச் சுவையோடு சேர்க்காமல் தொடுவுணர்ச்சி என்று தனியே வைக்கின்றன. நெல்லிக்காய், வாழைப்பூ, கடுக்காய், பாக்கு என்று அறுசுவைக் கணக்கில் இதைச் சேர்த்தே வளர்ந்த நமக்கு டானினைத் தனியாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தகடூர் அதியமான் அவ்வைக்குக் கொடுத்த கனியிலும் இருந்தது அதுவே. டானினுக்குக் கொழுப்பும் புரதமும் நண்பர்கள். வாயின் புரதத்தை விட்டுவிட்டு இறைச்சியின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். போர்தோவின் போயாக் ஊரில் அவ்வூர்ச் செம்மறிக்குட்டி இறைச்சியை அவ்வூர்ச் சிவப்போடு சாப்பிடுகிற வழக்கம் இப்படி உருவானதே. மிளகாய்க்கோ டானின் பகை. எரிகிற வாயில் துவர்ப்பு ஏறினால் கசப்பாகத் திரும்பும்.

அதியமானைத் தொட்டுவிட்டதால் கொஞ்சம் நின்று பேசலாம். இன்றைய தருமபுரிதான் தகடூர் என்பதும், அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைத் தாங்கிய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு 1981இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் கண்டறியப்பட்டதும் பலர் அறிந்தவை. அவன் இறந்தபோது அவ்வை பாடிய புறநானூற்று 235ஆம் பாட்டைப் பள்ளிப் புத்தகங்களில் கையறுநிலைக்கு எடுத்துக்காட்டாகப் படித்திருக்கிறோம். உணவு வரலாறாக அதைப் படிப்பவர் குறைவு. கொஞ்சம் கள் இருந்தால் யாருக்கு, நிறைய இருந்தால் எப்படி, சோறு குறைந்தாலும் மிகுந்தாலும் எத்தனை பேரோடு, எலும்போடு கூடிய கறித்துண்டு யார் பங்கு என்று ஒரு பந்தியின் முறைமையே அதில் இருக்கிறது. கள்ளும் சோறும் கறியும் அங்கே தனித்தனி வரிகளில் வந்தாலும் ஒரே பந்தியில் நிற்கின்றன. அதே அவ்வை 232ஆம் பாட்டில், நாடுகளையே கொடுத்தாலும் வாங்காதவன் நடுகல்லாக நின்று சிறு கலத்தில் ஊற்றும் கள்ளையா ஏற்பான் என்று கேட்கிறார்.

அந்தச் சிறு கலத்தைக் கல்லிலேயே பார்க்கலாம். செங்கம், தருமபுரி வட்டாரத்து நடுகற்கள் பலவற்றில் வீரனின் காலருகே மூக்குவைத்த கெண்டியும் மூடிபோட்ட சிமிழும் செதுக்கப்பட்டிருக்கும். இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் வெளிவந்த 'செங்கம் நடுகற்கள்' இத்தகைய கற்களை அறிஞருலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. கெண்டியை வீரனுக்குப் படைத்த மதுக் கலம் என்று ஆய்வாளர்கள் கொள்வது வழக்கம். தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் வாளையும் வில்லையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் கால்பக்கம் குனிந்தும் பார்க்க வேண்டும்.

அயல்நாட்டு ஒயினும் அந்தக் காலத்துக்குப் புதிதில்லை. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனுக்குப் பரிந்துரைப்பதே யவனர் கொண்டுவந்த மதுதான். புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் நடத்திய அகழாய்வுகளில் மத்தியதரைக்கடல் நாட்டு ஆம்போராச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், பெரும்பங்கு ஒயின் வந்த சாடிகள் என்றார்; கிரேக்கத்தின் கோஸ் தீவு வகைச் சாடிகள் அவற்றில் முக்கியமானவை. கடல்நீர் கலந்து செய்யப்பட்ட ஒயின் என்று பெயர்பெற்றது கோஸ் ஒயின். உப்புத்தன்மையால் நெடுந்தூரக் கப்பல் பயணத்தை அது தாங்கியிருக்கும். மீனும் புளிப்பும் மிளகும் உள்ள சாப்பாட்டுக்கு உப்புத் தட்டும் ஒயின் பொருந்தாமல் போயிருக்காது என்பது என் ஊகம்.

மதுவும் சோறும் ஒரே பந்தியில் இருந்த இந்தத் தொடர்ச்சி அறுந்த நாளைத் துல்லியமாகச் சொல்லலாம்: 1937 அக்டோபர் 1. ராஜாஜியின் அமைச்சரவை சென்னை மாகாணத்தில் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2இல். அதற்கு முன் அரூரும் சேலத்துக்குள்தான். இழந்த கலால் வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. வரிகளிலேயே குடிமகனை அதிகம் தொட்ட வரி இப்படித்தான் பிறந்தது என்பதை வணிகர் சங்கங்கள்கூட மறந்துவிட்டன. ராஜாஜியின் நோக்கத்தில் குறை காண நான் வரவில்லை. கூலியைச் சாராயக் கடையில் தொலைத்துவிட்டு வந்தவர்களின் வீடுகளை அவர் திருச்செங்கோடு காந்தி ஆசிரமக் காலத்திலேயே பார்த்தவர்.

ஆனால் விலக்கு போய்த் திரும்பிவந்து மறுபடியும் போனபோது, குடி வேறு உருவத்தில் வந்தது. 1971இல் தளர்வு, 1974இல் மீண்டும் தடை, 1981இல் மறுபடி திறப்பு, 1983இல் டாஸ்மாக், 2003இலிருந்து சில்லறை விற்பனையும் அதன் கையில். 1987 முதல் கள்ளுக்குத் தடை. நான்கைந்து விழுக்காடு ஆல்கஹால் உள்ள, புளித்து நுரைக்கிற கள் சட்டவிரோதம், 42.8 விழுக்காடு உள்ள பிராந்தி அரசுக் கடையில். பிராந்தி என்றால் திராட்சையை வடித்தது என்றுதான் பிரான்சில் பொருள். இங்கே விற்பதில் பெரும்பகுதி கரும்பாலையின் மொலாசஸ் கழிவுப்பாகிலிருந்து வருகிற சாராயத்தில் நிறமும் மணமும் சேர்த்தது. கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்று அவ்வையே சொல்கிறார். அரூருக்குப் பக்கத்தில் கோபாலபுரத்தில் சுப்பிரமணிய சிவா பெயரில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. வரலாறு சில நேரம் இப்படிக் கண்ணடிக்கும். 2024 ஜூனில் பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது கண்ணடிப்பு இல்லை.

கடை வாசலிலேயே நின்றபடி, ஊறுகாய்ப் பொட்டலத்தைப் பிய்த்து, தண்ணீர் கலந்து ஒரே மடக்கில் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவது இன்றைய முறை. இதில் சாப்பாடு வேறு, குடி வேறு. பிரெஞ்சுக்காரர் ஒயினைத் தேர்ந்தெடுப்பது என்று நாம் வியக்கிற கலை அடிப்படையில் மதுவைச் சோற்றின் பக்கத்தில் உட்காரவைக்கிற பழக்கம்தான். தகடூர்ப் பந்தியில் இருந்தது அதுவே. எந்த அளவு ஆல்கஹாலும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானதென்று சொல்ல முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்ததையும் வைத்துக்கொண்டே இதைச் சொல்கிறேன். குடிக்கிறவர் எதோடு, எவ்வளவு, எப்படிக் குடிக்கிறார் என்ற கேள்வி அதனால் தேவையற்றுப் போய்விடவில்லை.

இனி பாட்டிலுக்கு வருவோம். பிரெஞ்சு ஒயின் லேபிள் முதலில் ஊரின் பெயரைச் சொல்லும். எந்தத் திராட்சை என்பதைப் பல நேரம் சொல்லவே சொல்லாது. வூவ்ரே என்றால் ஷெனான் திராட்சை, சான்செர் வெள்ளை என்றால் சோவிஞோன், பொஜொலே சிவப்பு என்றால் காமே, எர்மித்தாஜ் சிவப்பு என்றால் சிரா. இதைச் சட்டமாக்கியது 1935இல் உருவான பெயருரிமை முறை. எந்த எல்லைக்குள், எந்தத் திராட்சை, ஹெக்டேருக்கு எவ்வளவு விளைச்சல், எத்தனை விழுக்காடு ஆல்கஹால் என்று எல்லாம் வரையறுத்திருப்பார்கள். இன்று ஒயினுக்கு மட்டும் 350க்கும் மேற்பட்ட பெயர்கள் உண்டு. அத்தனையையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. புளியும் காரமும் உள்ள நம் சாப்பாட்டுக்குப் பத்துப் பெயர் போதும்.

பணக்காரர் விருந்துகளில் பெரிதாகப் பேசப்படுவது போர்தோவின் 1855ஆம் ஆண்டுத் தரவரிசை. பாரிஸ் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் கேட்க, போர்தோ தரகர்கள் தயாரித்துக் கொடுத்த பட்டியல் அது. நாக்கில் வைத்துப் பார்த்துத் தரம் பிரித்ததாகப் பலர் நினைக்கிறார்கள். தரகர்கள் பார்த்தது பல ஆண்டுகளாக ஒவ்வொரு சாட்டோவும் சந்தையில் பெற்றுவந்த விலையை. சிவப்பின் முதல் வரிசையில் அதற்குப் பின் நடந்த மாற்றம் ஒன்றே ஒன்று, 1973இல் மூத்தோன் ரோத்ஷீல்ட் உயர்ந்தது. விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு களிக்கு ஒயின் தேடுவதில் அர்த்தமில்லை. அப்பட்டியலின் மேல்வரிசைச் சிவப்புகள் எல்லாம் டானின் நிறைந்தவை. மிளகாயோடு மோதி, கொடுத்த காசெல்லாம் கசப்பாய்ப் போகும்.

விலை என்றதும் வரியையும் சொல்ல வேண்டும். இறக்குமதி ஒயினுக்கு இந்தியா நெடுங்காலம் விதித்துவந்த அடிப்படைச் சுங்கம் 150 விழுக்காடு. 2022 டிசம்பரில் ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தில்தான் அந்தச் சுவரில் ஓட்டை விழுந்தது, அதுவும் விலை கூடிய ஒயின்களுக்கு. சுங்கத்துக்கு மேல் மாநில வரிகள் தனி. பிரான்சில் பத்து யூரோவுக்குக் கிடைப்பது நம் ஊர் டாஸ்மாக் எலைட் கடை அலமாரிக்கு வருவதற்குள் பல மடங்காகிவிடும். புதுச்சேரியில் மலிவு என்று வாங்கிவருகிறவர்கள் சோதனைச் சாவடியையும் கணக்கில் வைக்க வேண்டும். மதுவிலக்குக் காலத்திலிருந்தே அந்த எல்லைக்கு ஒரு கவர்ச்சி உண்டு. பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1இல் விலகிய பின்னும் அது தேயவில்லை.

களியிலிருந்து தொடங்கலாம். இலைச் சாப்பாட்டைவிடக் களிச் சாப்பாடு ஒயினுக்கு எளிது. இலையில் குழம்பு, பொரியல், அப்பளம், ஊறுகாய், பாயசம் எல்லாம் ஒருசேர இருக்கும். ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் ஒவ்வொரு பண்டமாகப் பரிமாறும் முறை பரவிய பிறகுதான் பண்டத்துக்கு ஓர் ஒயின் என்ற வழக்கம் வேரூன்றியது. நம் இலைக்கு அந்தச் சட்டத்தைப் போட முடியாது. களியோ ஒரே உருண்டை, ஒரே குழம்பு. களிக்கென்று உறைப்பான சுவை கிடையாது. மெல்லாமல் விழுங்குவதால் குழம்புதான் வாயில் நிற்கும். பச்சைப்பயறு கடைசலோ கீரைக் கடைசலோ தொட்டுக்கொண்டால் புளியும் குறைவு, காரமும் குறைவு. சான்செரின் பச்சிலை மணத்துக்கு அது நல்ல துணை.

கருவாட்டுக் குழம்பு வேறு ஆட்டம். ஜப்பானிய ஒயின் நிறுவனம் ஒன்றின் ஆய்வாளர்கள் பல வகை ஒயின்களைக் காய்ந்த சிப்பி இறைச்சியோடு சுவைத்துப் பார்த்து 2009இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். மீனோடு சிவப்பு ஒயின் குடித்தால் வாயில் எழும் கவிச்சைக்கு ஒயினிலுள்ள இரும்பே காரணம் என்பது அது. லிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டிய இரும்பு அந்த நாற்றத்தைக் கிளப்புகிறது. காய்ந்த சிப்பிக்குப் பொருந்துவது நெத்திலிக் கருவாட்டுக்கும் பொருந்தும். சிவப்புகளில் பொதுவாக இரும்பு கொஞ்சம் கூடுதல் என்பதால் கருவாட்டுக்கு வெள்ளைதான். அமிலம் தூக்கலாக, ஓரத்தில் கொஞ்சம் இனிப்போடு, ஆல்கஹால் குறைவாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்த ஒயின் லுவார் ஆற்றங்கரையின் வூவ்ரே, அதிலும் 'தெமி-செக்' என்று லேபிளில் போட்டது. அமிலம் புளிக்கு ஈடு கொடுக்கும். மிச்சச் சர்க்கரை மிளகாயைத் தணிக்கும். உப்போ ஒயினை மென்மையாக்கிக் காட்டும். அல்சாஸ் ரீஸ்லிங்கும் நன்று, ஆனால் பெரும்பாலும் முழுக்க உலர்ந்ததாகவே இருக்கும். 2021 அறுவடையிலிருந்து அல்சாஸ் லேபிளில் இனிப்பின் அளவைக் குறிப்பிட வேண்டியதாகிவிட்டதால் வாங்குகிறவருக்குக் குழப்பம் தீர்ந்தது.

நாட்டுக்கோழிக் குழம்புக்கும் இதே வூவ்ரே போதும். வறுவலானால் பொஜொலே. டானின் மென்மையாக, 12, 13 விழுக்காட்டுக்குள், லேசாகக் குளிரவைத்துக் குடிக்கும் சிவப்பு. காமே திராட்சையை மட்டமானது என்று சொல்லி 1395இல் பர்கண்டிக் கோமகன் பிலிப் பிடுங்கி எறியச் சொன்னான்; தெற்கே பொஜொலே மலைச்சரிவில் அது பிழைத்துக்கொண்டது. ஃப்ளெரி, மோர்கோன் போன்ற பத்து ஊர்களின் பெயரில் வருவதைத் தேடலாம். நவம்பர் மூன்றாம் வியாழனன்று ஆரவாரத்தோடு வெளியிடும் 'நூவோ'வுக்கு அவ்வளவு பயணச் செலவு தேவையா என்று யோசிக்க வேண்டும்.

மிளகு போட்ட ஆட்டுக்கறி வறுவலில்தான் அரூரும் பிரான்சும் உண்மையாகவே கைகோக்கின்றன. கருமிளகின் மணத்துக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற சேர்மமே சிரா ஒயினின் மிளகு மணத்துக்கும் காரணம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் கண்டுபிடித்தார்கள். வடக்கு ரோனின் க்ரோஸ்-எர்மித்தாஜ், செயின்ட்-ஜோசெஃப் சிவப்புகள் இரண்டும் சிராவில் செய்தவை. ரோனின் தெற்கைவிட இங்கே குளிர்ச்சி அதிகம் என்பதால் ஆல்கஹால் அடக்கம். ஆட்டின் கொழுப்பு டானினைப் பார்த்துக்கொள்ளும், மிளகு மிளகோடு சேரும். மிளகுக்கும் காரம் உண்டுதான், ஆனால் மிளகாயளவுக்கு ஆல்கஹாலோடு சண்டை போடாது. புளியும் மிளகாயும் இல்லாத இந்த ஓர் இடத்தில் விலை கூடிய சிவப்பைத் திறந்தால் ஏமாற்றம் இருக்காது. மிளகாய் வராத காலத்து அதியமான் பந்தியின் கறிக்கும் இதுவே பொருந்தியிருக்கும்.

முதலில் நிராகரித்த கெவுர்ட்ஸ்ட்ராமினருக்குத் தேங்காய்ப்பால் குருமாவும் பிரியாணியும் காத்திருக்கின்றன. உளுந்து வடைக்கு ப்ரூட் ஷாம்பெய்ன், லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைந்த சர்க்கரை. காரச் சட்னியை மட்டும் தள்ளிவையுங்கள். குமிழி அதைத் தூண்டிவிடும். இனிப்புகளுக்கு ஒயின் தேடுவது வீண் வேலை. பூஞ்சை பிடித்து வற்றிய திராட்சையில் செய்யும் சோத்தெர்ன் உலகின் மிக இனிப்பான ஒயின்களில் ஒன்று. ஒப்புட்டின் பக்கத்தில் வைத்தால் அதுவே புளிக்கும்.

இவ்வளவு தூரம் போகாமல் நம் திராட்சையிலேயே செய்யலாமே என்ற கேள்வி எழும். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் வகைப் பெயர். 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்ததாகச் சொல்வது வழக்கு. பிரான்சின் வாந்தூ மலையடிவாரத்தில் விளையும் இதே வகை 1997இல் பெயருரிமை பெற்றது, ஒயினுக்காக அன்று, பழமாகத் தின்பதற்காக. கம்பத்தில் கொடிக்கு உறக்கமில்லை, ஆண்டு முழுவதும் அறுவடை நடக்கிறது. குளிர்காலம் கொடியை உறங்கவைக்கும் பிரான்சில் ஆண்டுக்கு ஓர் அறுவடைதான். லேபிளில் ஆண்டைப் பெரிதாக அச்சிடுவது அதனால். அரூருக்கு அருகே பிரெஞ்சுக் கைபட்ட ஒயின் வேண்டுமென்றால் பெங்களூருக்கு வடக்கே நந்தி மலையடிவாரத்தில் குரோவர் தோட்டம் இருக்கிறது. போர்தோவின் மிஷெல் ரோலான் அதற்கு ஆலோசகராக இருந்தவர்.

கடைசியாக வெயில். சிவப்பை 'அறை வெப்பத்தில்' பரிமாற வேண்டும் என்ற சொலவடை 16, 18 டிகிரி இருக்கும் ஐரோப்பிய வீட்டுக்குச் சொன்னது. சித்திரையில் அரூர் வீட்டு அறை 35ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் சில வாரம் கிடந்தால் எந்தச் சாட்டோவும் வெந்த பழக்கூழ் வாசனைக்கு இறங்கிவிடும். வாங்கும்போதே தக்கை வெளியே பிதுங்கியிருக்கிறதா, கழுத்தில் பிசுபிசுப்பு கசிந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். கடையின் கண்ணாடிப் பக்கத்து வெயிலில் நின்ற பாட்டிலைத் தொடவே வேண்டாம். வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டே நிலவறை. சிவப்பானால் அரைமணி, வெள்ளையானால் இரண்டு மூன்று மணி நேரம் உள்ளே இருந்துவிட்டு வரட்டும். திறந்த வூவ்ரே, தக்கையைத் திரும்ப அடைத்துக் குளிரில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். அமிலம் அதற்கும் உதவுகிறது. ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்குத் திறந்ததில் மிச்சம் வைத்தால் புதன்கிழமைக் கருவாட்டுக்கு ஆகும்.